பாவற்காய் தின்ற விருந்தாளி

பாலேந்திரன் ஆப்பிரிக்காவில் போய் இறங்கியபோது அங்கே மூக்கு கழன்று விழும் குளிர். விமானம் ஏறவில்லை, ஊசி போடவில்லை, கடவுச்சீட்டைத் தொடக்கூட இல்லை. சுவிஸ் நாட்டுச் சோலோதுர்ன் நகரத்தில் சிநேகிதன் அந்தோனிதாசின் பழைய காரில் ஏறி, ஆரே ஆற்றோரமாக இரண்டு வட்டச் சந்திகளைச் சுற்றியதும் ஆப்பிரிக்கா வந்துவிட்டது. வாசற்பலகையில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். கழுத்து வரைக்கும் தெரிந்தது. தலை பனிப்புகாருக்குள் போயிருந்தது.

சும்மா புகார் என்று நினைக்கக்கூடாது. நவம்பரில் ஆரே ஆற்றிலிருந்து எழும்பும் அந்தச் சாமானைக் கரண்டியால் அள்ளி, உப்புப் போட்டு, இடியப்பத்துக்குச் சொதியாக விடலாம். அதற்குள் ஓடிய நாய் வசந்தகாலத்தில்தான் வீடு திரும்பும். அதுவும் வேறு நாயாக.

"பாலேந்திரண்ணை, உண்மையா இறங்கப் போறியளோ?" அந்தோனிதாஸ் எஞ்சினை நிறுத்தவில்லை. "இப்ப திரும்பினாலும் எங்கட வீட்டில மீன்குழம்பு சூடா இருக்கும்."

"நீ போய்ச் சாப்பிடு. நான் சிங்கத்துக்குச் சமைக்கப் போறன்."

"இஞ்சை எங்கால சிங்கம்? சீமெந்தில ஒரு நீர்யானைதான் நிக்குது. அதுக்கும் ஒரு காது இல்லை."

"அப்ப நல்லது. என்ர புலம்பலில பாதிதான் அதுக்குக் கேக்கும்."

அந்தோனிதாஸ் சிரித்தான். ஆனால் பெட்டியை இறக்கிக் கொடுத்தபோது சிலுவை போட்டுக்கொண்டதைப் பாலேந்திரன் கண்டார். மன்னார்க்காரன் சும்மா சிலுவை போடமாட்டான்.

ஆப்பிரிக்கச் சஃபாரி போல அமைத்த அந்த முகாமின் சொந்தக்காரி றூத் என்ற வெள்ளைக்காரி. கோடையில் சூரிச்சிலிருந்தும் பேர்னிலிருந்தும் ஆட்கள் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, ஆற்றங்கரைக் கூடாரங்களில் படுப்பார்கள். விடிகாலையில் ஓடம் ஏறிப் போய் நீர்நாய் போன்ற பீவர்கள் மரம் கடிப்பதைப் பார்ப்பார்கள். மூங்கில் தட்டியால் மறைத்த பார்வைக் குடிலுக்குள் மூச்சை அடக்கி உட்கார்ந்து, ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்பதை ஏதோ உலக அதிசயம் போலப் படம் பிடிப்பார்கள். குளிர் வந்ததும் றூத் உண்மையான ஆப்பிரிக்காவுக்கு, சாம்பியாவின் ஆற்றங்கரை முகாம் ஒன்றுக்குப் பறந்துவிடுவாள். அந்த மாதங்களில் இங்கே கூடாரங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மனிதர் வேண்டும். பாலேந்திரன் டாவோசில் கோப்பை கழுவத் தொடங்கி, சோலோதுர்ன் ஹோட்டலில் தலைமைச் சமையற்காரராக ஓய்வுபெற்றவர். அந்த ஹோட்டலில் அவர் கையால் சாப்பிட்டவள் றூத். கேட்டதும் அவர் ஓம் என்றார்.

ஓம் என்றதற்கு உண்மையான காரணம் வேறு. மனைவி தில்லைநாயகி போய் ஒரு வருடம் முடியப் போகிறது. ரெனானில் இருக்கும் மகள் பிரபாலினி, "அப்பா, வீட்டை விட்டிட்டு எங்களோட வந்து இருங்கோ" என்று தொலைபேசியில் நாளுக்கு நாள் குரலை உயர்த்திக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு சாக்காகச் சொல்லித் தள்ளினார். இந்த வேலை நல்ல சாக்கு. அதோடு தில்லைநாயகிக்கு ஒரு பைத்தியம் இருந்தது. தொலைக்காட்சியில் யானைகள் ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடிப்பதைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். "இஞ்சாருங்கோ, ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோவன்." அவரும், "பென்சன் எடுத்தாப் பிறகு போவம்" என்பார். பென்சன் வந்தது. அவள் போய்விட்டாள்.

கட்டிய நாள் முதல் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவரும் அப்படித்தான். அவளுக்கு அவர் 'இஞ்சாருங்கோ', அவருக்கு அவள் 'இஞ்சாரும்'. அந்த ஒரு சொல்லை அவள் இழுக்கிற இழுவையில் அடுப்பில் பால் பொங்குகிறதா, வாசலில் ஆள் நிற்கிறதா, அவளுக்குத் தலையிடியா என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். இப்போது வீட்டில் ஒருவரும் எதையும் இழுப்பதில்லை. அவள் வாயால் அந்தச் சொல்லை இன்னும் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும்; பிறகு ரெனானுக்கோ சுடலைக்கோ எங்கே கூப்பிட்டாலும் போகலாம் என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

றூத் அவருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினாள். சாப்பாட்டுக் கொட்டிலின் சுவரில் ஒரு தாடிக்காரனின் படம். பக்கத்துக் கொக்கியில் நீலக் கரை வைத்த ஒரு தகரக் குவளை.

"என் தம்பி ரூடி. முப்பது வருடம் சாம்பியாவில் வழிகாட்டியாக இருந்தான். இந்த முகாமைக் கட்டியது அவன்தான். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் புகாருக்குள் ஓடத்தில் போனான். ஓடம் மட்டும் அணைக்கட்டில் கிடைத்தது." அவள் குவளையைத் தொடவில்லை. "இது இங்கேயே தொங்கட்டும், திரு பாலேந்திரன்."

"நல்ல மனிசனோ?"

"தனிமனிதன். அங்கே ஒவ்வொரு விடிகாலையும் கூடாரம் கூடாரமாகத் தேநீர் கொண்டுபோவான். கூடாரத்தில் தட்டக் கதவு இல்லை அல்லவா? நகத்தால் துணியைச் சுரண்டி, தொண்டையைச் செருமுவான். உள்ளே இருப்பவர் பதில் சொல்லும்வரை அசையமாட்டான். இங்கே வந்த பிறகு, 'இந்த நாட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை' என்று அடிக்கடி சொல்வான்."

புறப்படும்போது காரின் கண்ணாடியை இறக்கி ஒரே ஒரு கட்டளை போட்டாள்.

"ஆற்றுப் பக்கம் எதற்கும் சாப்பாடு வைக்காதீர்கள். காட்டு விலங்குக்கு ஒருமுறை வைத்தால் அது திரும்பி வரும். பிறகு மனிதனுக்குப் பயப்படாது. பிறகு, மனிதன் அங்கே இல்லாவிட்டால் தேடிக்கொண்டு போகும்."

"கொக்குக்கு என்ர கறி உறைக்கும்" என்றார் பாலேந்திரன். றூத் சிரிக்கவில்லை.

அதன் பிறகு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே மனிதர் பாலேந்திரன்தான். அக்கரை இல்லை. வானம் இல்லை. தேவாலய மணி பஞ்சுக்குள் வைத்து அடித்ததுபோலக் கேட்டது. பகல் முழுக்க வெளிச்சம் இருந்தது, ஆனால் சூரியன் எங்கே என்று கேட்டால் சூரியனுக்கே தெரியாது. அவர் கூடாரக் கயிறுகளை இழுத்துக் கட்டினார். நீர்யானைக்கு வணக்கம் சொன்னார். பார்வைக் குடிலுக்குள் போய், ஆற்றைப் பார்த்த நீள வாங்கின் ஒரு முனையில் உட்கார்ந்து, மறு முனையை வெறுமையாக விட்டார். ஒருவர் உட்காரும் அளவுக்கு. பழக்கம்.

திவசநாள் வந்தது. சமையல் சாமான்களை முதல்நாளே அந்தோனிதாஸ் கொண்டுவந்து இறக்கியிருந்தான். தமிழ்க்கடையில் வாங்கிய உறைந்த வாழையிலை, வாழைக்காய், பூசணி, பாவற்காய்.

"பாவற்காய் என்னத்துக்கு? கொம்மா அதைக் கண்டாலே முகத்தைத் திருப்புவா" என்று தொலைபேசியில் மகளிடம் முறையிட்டார்.

"திவசத்துக்குப் பாவற்காய் இல்லாமலோ, அப்பா? முறை எண்டு ஒண்டு இருக்கு. அம்மா வழமைபோல ஓரத்தில ஒதுக்கி வைப்பா. திவசத்தை முடிச்சுப்போட்டு இஞ்சை வாறியள் என்ன?"

"பாப்பம்."

"உந்தப் 'பாப்பம்' எனக்கு வேண்டாம்."

படையலை எங்கே வைப்பது? அவர் யோசிக்கவே இல்லை. ஆற்றைப் பார்க்கத்தானே அவள் ஆசைப்பட்டாள்? பார்வைக் குடிலின் வாங்கில், வெறுமையாக விட்ட அந்த முனையில் இலையை விரித்தார். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக் கறி, வடை, பாயாசம். இலையின் மூலையில் கோழிக்குஞ்சு கொத்தும் அளவுக்குப் பாவற்காய். தேத்தண்ணியும் வேண்டும், சீனி போட்டால் எறும்பு நீச்சலடித்துச் சாக வேண்டும், அப்படிக் குடிப்பவள் அவள். கையில் அகப்பட்ட குவளையில் ஊற்றிக்கொண்டு வந்தார். பாதி வழியில்தான் நீலக் கரையைக் கண்டார். திரும்பப் போகப் பஞ்சியாக இருந்தது.

கற்பூரம் கொளுத்தினார். காகத்துக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டார். அந்தப் புகாருக்குள் காகம் தன் சொண்டையே காணாது. கடைசியாகத் தண்ணீரைச் சுற்றி விட்டு, ஆற்றைப் பார்த்து, கட்டிய நாள் முதல் கூப்பிட்டதுபோலவே கூப்பிட்டார்.

"இஞ்சாரும். வாரும், வந்து சாப்பிடும்."

பெயர் சொல்லவில்லை. எந்த யாழ்ப்பாணத்து மனிதன் சொல்லுவான்?

இறந்தவர் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்பதற்காகப் படைத்தவுடன் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது வழக்கம். அவரும் தட்டிக் கதவைச் சாத்திவிட்டு முதுகு காட்டி நின்றார். ஆற்றின் சத்தம் மட்டும். பிறகு ஆற்றின் சத்தமும் இல்லை.

உள்ளே வாங்கு கிறீச்சிட்டது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

பாலேந்திரனின் நெஞ்சு சந்தோசத்தில் அடித்த அடியில் எதிர்க்கரையில் ஒரு வாத்து பறந்திருக்கும். அவர் பொறுத்து நின்றார். முறைப்படி மூன்றுதரம் கை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே ஆற்றுச் சேற்றின் மணம். வாங்கின் அந்த முனை நனைந்திருந்தது. பாயாசத்தில் கை வைக்கவில்லை. சோறு, வடை அப்படியே. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு நிலத்தில் துப்பியிருந்தது.

பாவற்காய் மட்டும் இல்லை. இலையின் அந்த மூலையை நக்கித் துடைத்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். பாலேந்திரன் ஓடவில்லை. ஒரு வருடம் யாரும் கூப்பிடாத மனிதர், வந்த விருந்தாளியைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்பாரா? 'செத்தாப் பிறகு நாக்கு மாறும்போல' என்று தனக்குத்தானே சொன்னார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

விடியும்போது கூடாரத் துணியில் ஒரு நகம் சுரண்டியது.

ஸ்ர்ர்ர்.

பிறகு ஒரு செருமல். ஈரமான செருமல்.

"நீரோ?" என்றார், போர்வைக்குள் இருந்து.

அவர் வாய் திறந்ததும், ஈரக் காலடிகள் ஆற்றுப் பக்கம் மெதுவாகப் போயின. கூடார வாசலில் நீலக் கரைக் குவளை. ஆவி பறந்தது. ஒரு வாய் குடித்தார். சீனி இல்லை. ஒரு மணிகூட இல்லை. அடியில் ஆற்று மணல் கரகரத்தது.

அவர் கொட்டிலுக்குப் போய்ச் சீனி போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலிலும் நகம். ஒவ்வொரு விடியலிலும் குவளை. பாலேந்திரனும் தன் பங்குக்குப் பாவற்காயைப் பொரித்து இலையில் வைத்தார், பாயாசத்தை நிறுத்திவிட்டார். பகலில் வாங்கின் தன் முனையில் உட்கார்ந்து, நனைந்த முனையோடு கதைத்தார். மகளைப் பற்றி, மூட்டு வலியைப் பற்றி, ஹோட்டல் முதலாளியின் பொய்ப்பல் சூப்புக்குள் விழுந்த கதையை. பக்கத்தில் மூச்சு இல்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கும் கனம் இருந்தது. பலகை அந்தப் பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது.

"ஏன் கதைக்கிறீர் இல்லை?" என்று ஒரு மத்தியானம் கெஞ்சினார். "முந்திக் கூப்பிடுவீரே. 'இஞ்சாருங்கோ' எண்டு. ஒருக்காக் கூப்பிடுமன். மறந்து போச்சுதோ? இப்பிடி... 'இஞ்சாருங்கோ'."

திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினார். குழந்தைக்குப் பேச்சுப் பழக்குவதுபோல.

மறுநாள் புகார் இன்னும் தடித்தது. கையை நீட்டினால் முழங்கையோடு கை முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆற்றுத் துறையிலிருந்து மரத்தில் மரம் முட்டும் சத்தம் கேட்டது.

டொக்.

டொக்.

போய்ப் பார்த்தார். குளிர்காலத்துக்கென்று அவரே கொட்டிலுக்குள் கவிழ்த்து வைத்த ஓடம், தண்ணீரில் கிடந்தது. விருந்தாளிக்கான முன் இருக்கையில் ஒரு கம்பளியை மடித்து வைத்திருந்தது. பின் இருக்கை, வழிகாட்டி உட்காருமிடம், வெறுமை. துடுப்பு மட்டும் யாரோ மடியில் வைத்திருப்பதுபோல அந்தரத்தில் குறுக்காக நின்றது.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோவன் என்று கேட்டவள் அவள். இப்போது அவளே கூட்டிப் போக வந்திருக்கிறாள். பாலேந்திரனின் கண் நிறைந்தது. ஒரு காலைத் தூக்கி ஓடத்துக்குள் வைத்தார்.

ஓடம் அசையவில்லை. ஆற்றிலே கிடக்கிற ஓடம் கால் வைத்தால் அசைய வேண்டாமா?

பின்னால் ஒரு செருமல்.

பிறகு அது கூப்பிட்டது.

"இன்ஷ்..."

அவர் தலையைத் திருப்பினார்.

"இன்ஷா... ஹ்ஹ்... ருங்... கோ."

ஆண்குரல். தொண்டைக்குள் கல்லை உருட்டும் சுவிஸ்காரனின் குரல். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, யாரோ சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒழுங்காக ஒப்புவிக்கும் குரல்.

சீனி போடாத தேத்தண்ணி. பாவற்காய். நீலக் கரை. எல்லாம் அவருக்கு முதல்நாளே தெரிந்ததுதான். தெரியாததுபோல இருந்தவர் அவர்தான்.

"நீர்... நீ என்ர ஆள் இல்லை" என்றார் முணுமுணுப்பாக.

துடுப்பு தண்ணீரில் இறங்கியது.

ஓடத்துக்கும் துறைக்கும் நடுவே கறுப்புத் தண்ணீர் அகலத் தொடங்கியது. ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. இழுத்துப் பார்த்தார். ஓடத்திலிருந்த கால் வரவில்லை. கணுக்காலை ஏதோ பிடித்திருந்தது. முரட்டுப் பிடி இல்லை. வழிகாட்டி ஒருவன் வயதான விருந்தாளியை வழுக்காமல் ஏற்றும் பிடி. மரியாதையான, பழக்கப்பட்ட, பனிக்கட்டிக் குளிரான பிடி.

"பாலேந்திரண்ணோய்!"

மேட்டிலிருந்து கார் ஹோர்ன் அலறியது. "பாலேந்திரண்ணை! எங்கை நிக்கிறியள்? பிரபாலினி என்னைத் துளைச்செடுக்கிறாள், நீங்கள் போன் எடுக்கேல்லையாம்! பாலேந்திரண்ணை!"

பெயர். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருடைய சொந்தப் பெயர்.

பிடி தளர்ந்தது. யாருடைய பெயர் என்று யோசிப்பதுபோல ஒரு கணம் தளர்ந்தது. பாலேந்திரன் துறைப் பலகையில் மல்லாக்க விழுந்தார். சப்பாத்து ஓடத்தோடு போய்விட்டது. ஓடம் புகாருக்குள் மறைந்தது, நீரோட்டத்துக்கு எதிராக.

ஓடிவந்த அந்தோனிதாஸ் ஒற்றைச் சப்பாத்தோடு கிடந்தவரைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான், கையைப் பிடித்துத் தூக்கிக் காருக்குக் கூட்டிப்போனான். காரில் போகும்போதுதான், "ஆரண்ணை அது?" என்றான் கிசுகிசுத்து.

"ஒருத்தருமில்லாத ஒருத்தன்" என்றார் பாலேந்திரன். "நான்தான் கூப்பிட்டனான்."

அந்த வாரமே ரெனானுக்குப் போய்விட்டார். மகளின் வீடு ஏழாம் மாடி. ஆறு இல்லை, கூடாரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறு மொழியில் சண்டை பிடித்தார்கள். பிரபாலினி அவருக்குப் பேரப்பிள்ளையின் அறையைக் கொடுத்தாள். றூத் சாம்பியாவிலிருந்து தொலைபேசி எடுத்தபோது, உடம்பு சரியில்லை என்றார். அவள், "குவளை கொக்கியில் இருக்கிறதுதானே?" என்று மட்டும் கேட்டாள். "ஓம்" என்றார். அதை எங்கே கடைசியாகக் கண்டார் என்று அவருக்கு ஞாபகமில்லை.

ஒரு காலை. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டார்கள். பாலேந்திரன் கட்டிலில் கிடந்தார். லேமான் ஏரிப் பக்கமிருந்து வந்த புகார் ஏழாம் மாடி யன்னலில் முகம் வைத்திருந்தது. வீடு அமைதியாக இருந்தது. சோலோதுர்ன் வீட்டின் அதே அமைதி. மனிதர் இருக்கும் வீட்டிலும் அது வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அறைக் கதவில் ஒரு நகம் சுரண்டியது.

மரக் கதவு. மரச் சத்தம்தான் வரவேண்டும். வந்தது துணியின் சத்தம்.

ஸ்ர்ர்ர்.

ஒரு செருமல். கதவுக்குக் கீழே தண்ணீர் மெல்ல உள்ளே வந்தது. சேற்று மணம்.

பிறகு அது கூப்பிட்டது.

"இஞ்சாருங்கோ."

இந்த முறை ஒரு பிழையும் இல்லை. கல் இல்லை, தண்ணீர் இல்லை. அதே இழுவை. அடுப்பில் பால் பொங்கும் இழுவை. தில்லைநாயகியின் வாய் அப்படியே. அவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். கதவுக்கு வெளியே நிற்பது யார் என்பதும் தெரியும். பதில் வரும்வரை அவன் அசையமாட்டான் என்பதும் தெரியும்.

பாலேந்திரன் கண்ணை மூடினார். அந்தச் சொல் அறைக்குள் ஓய்ந்து முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாறன், வாறன்" என்றார்.

எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். குசினிக்குள் நடந்தார், பின்னால் ஈரக் காலடிகள் வந்தன. கேத்திலை வைத்தார். இரண்டு கோப்பை எடுத்தார்.

ஒன்றுக்கு மட்டும் சீனி போட்டார்.